அணைத்தால் அழிந்துவிடுமா?

தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்து முடித்து, தேசிய இடைநிலைப் பள்ளிக்குச் சென்ற புதிதில் 'பாடாம்' என்ற மலாய்ச் சொல் எனக்கு வியப்பாக இருந்தது. விளக்கை நிறுத்துவதற்கும் 'பாடாம்'தான். கரும்பலகையில் எழுதியதைத் துடைப்பதற்கும் 'பாடாம்'தான். தமிழில் இவை இரண்டும் வேறு வேறு. விளக்கை அணைக்கிறோம், எழுத்தை அழிக்கிறோம். விளக்கை அணைத்தால் அறை இருட்டாகும், ஆனால் பலகையில் எழுதியது அப்படியே இருக்கும்.

இவ்வளவு தெளிவான வேறுபாட்டைச் சொல்லிலேயே வைத்திருக்கும் நாம், மின்னணுக் கருவிகளைக் கையாளும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம். கருவியை அணைத்துவிட்டால் உள்ளே இருந்ததெல்லாம் போய்விடும் என்று நினைக்கிறோம். மின்னணுப் பொறியியல் படிக்கும் நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும், அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் அன்பு வாசகர்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

பாலோவில் ஒரு மாலை

என் ஊர் ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில் உள்ள பாலோ. லாபிசிலிருந்து குளுவாங்கிற்கு இரயிலில் போனால் இடையில் வரும் சிறிய பட்டணம். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். அங்கே அப்பா பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். வானொலி, தொலைக்காட்சி, காற்றாடி, சோறு ஆக்கும் குக்கர் என எது வந்தாலும் திறந்து பார்ப்பார்.

சென்ற பருவ விடுமுறையில் நான் வீட்டிற்குப் போனபோது, அப்பா பெருமையோடு ஒரு கருவியைக் காட்டினார். ஜொகூர் பாருவில் பழைய சாமான் விற்பவரிடம் வாங்கிய அலைவுகாட்டி. ஆசிலோஸ்கோப் என்று நாம் சொல்வது இதைத்தான். மின்னழுத்தம் நேரத்திற்கேற்ப எப்படி ஏறி இறங்குகிறது என்பதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி. மருத்துவருக்கு ஸ்டெதஸ்கோப் எப்படியோ, எங்கள் துறைக்கு இது அப்படி.

கருவியைத் தட்டியதும் நன்றாகவே வேலை செய்தது. சேமித்ததை மீட்டெடுக்கும் பொத்தானை அழுத்தினேன். ஒரு பட்டியல் வந்தது. அதில் முதலாவதைத் திறந்தேன். யாரோ ஒரு பொறியாளர் எடுத்த அலைவடிவம். மேலே ஒரு நிறுவனத்தின் பெயர், ஒரு திட்டத்தின் பெயர், தேதி. அடுத்தடுத்து இன்னும் பல கோப்புகள்.

"ஏம்மா, இது யாரோடது?" என்றார் அப்பா.

"முன்னாடி வச்சிருந்தவங்களோடதுப்பா. அழிக்காமலே வித்துட்டாங்க."

"சுவிட்ச அடைச்சா எல்லாம் போயிடாதா?"

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். ஆனால் அதைத் தமிழில் சொல்ல வரவில்லை. பாதி ஆங்கிலமும் பாதி மலாயுமாக ஏதோ சொன்னேன். அப்பா தலையை ஆட்டினார். அவருக்குப் புரியவில்லை என்பது எனக்குப் புரிந்தது. மூன்று ஆண்டுகள் படித்த ஒன்றை என்னைப் படிக்க வைத்தவருக்கு என்னால் சொல்ல முடியவில்லை. அன்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கருவி எதையெல்லாம் நினைவில் வைத்திருக்கிறது?

பழைய காலத்து அலைவுகாட்டிக்கு நினைவாற்றல் கிடையாது. மின்னணுக் கற்றை கண்ணாடித் திரையில் பட்டு ஒளிரும். அணைத்தால் எல்லாம் மறைந்துவிடும். அந்தக் காலத்தில் அப்பாவின் கருத்து முற்றிலும் சரி. இன்றைய சோதனைக் கருவி அப்படியல்ல. அது அளக்கத் தெரிந்த ஒரு கணினி.

அளந்த அலைவடிவங்கள், திரைப் படங்கள், பயனர் அமைத்து வைத்த அமைப்புகள் ஆகியவை உள்ளே இருக்கும். கருவி வலைப்பின்னலோடு இணைக்கப்பட்டிருந்தால், அந்த நிறுவனத்தின் வலை முகவரியும் சில வேளைகளில் கடவுச்சொல்லும்கூட இருக்கும். விண்டோஸ் இயங்குதளத்தில் ஓடும் பெரிய கருவிகளில், மேசைக் கணினியில் இருப்பது அத்தனையும் இருக்கலாம்.

அமைப்புகளில் என்ன இரகசியம் இருக்கப்போகிறது என்று நீங்கள் கேட்கலாம். ஓர் அலைக்கற்றைப் பகுப்பாய்வுக் கருவியில் எந்த அதிர்வெண்ணை எத்தனை அகலத்தில் அளந்தார்கள் என்பது பதிந்திருந்தால், இன்னும் சந்தைக்கு வராத ஒரு கைப்பேசி எந்த அலைவரிசையில் பேசப்போகிறது என்பதைத் தெரிந்தவர் ஊகித்துவிடுவார். தற்காப்புத் துறைக் கருவி என்றால் விளைவு இன்னும் பெரியது.

நால்வகை நினைவகம்

சோதனைக் கருவிக்குள் இருக்கும் நினைவகங்களை எளிமைக்காக நான்காகப் பிரித்துக்கொள்ளலாம். இந்தப் பிரிவு விளங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் வகை, மின்சாரம் இருக்கும் வரை மட்டும் நினைவில் வைப்பது. டிராம் என்பது இந்த வகை. ஒவ்வொரு துளித் தகவலும் மிகச் சிறிய மின்தேக்கியில் மின்னூட்டமாக இருக்கும். அது ஒழுகிக்கொண்டே இருப்பதால், வழக்கமாக ஆயிரத்தில் 64 நொடிக்கு ஒரு முறை கருவி அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டைக் குடத்தில் ஓயாமல் நீர் ஊற்றுவது போன்றது. மின்சாரம் நின்றால் குடம் காலி. ஆனால் அந்த நொடியிலேயே காலியாவதில்லை. 2008ஆம் ஆண்டில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மின்சாரம் நின்ற பிறகும் சில நொடிகளுக்கு, குளிர்வித்தால் இன்னும் அதிக நேரத்திற்கு, டிராமில் தகவல் தங்கியிருப்பதைச் செய்து காட்டினார்கள். கருவியை அணைத்து, மின்கம்பியையும் பிடுங்கி, சிறிது நேரம் விட்டுவிட்டால் இந்த வகையைப் பற்றிக் கவலை இல்லை.

இரண்டாம் வகை, சிறு மின்கலத்தின் துணையோடு நினைவில் வைப்பது. பலகையில் நாணயம் அளவில் ஒரு லித்தியம் மின்கலம் இருக்கும். அல்லது சில்லுக்குள்ளேயே புதைத்து வைத்திருப்பார்கள். சுவரில் உள்ள சுவிட்சை அடைத்தாலும் இது பல ஆண்டுகள் விழித்திருக்கும்.

மூன்றாம் வகை, மின்சாரமே இல்லாமல் நினைவில் வைப்பது. பிளாஷ் நினைவகம் இந்த வகை. நாம் பயன்படுத்தும் பென்டிரைவும் இதுவே. மின்னணுக்களை ஒரு காப்புச் சுவருக்குப் பின்னால் அடைத்து வைப்பதால் அவை எளிதில் வெளியேறுவதில்லை. இன்றைய கருவிகளில் பெரும்பாலானவை இதைத்தான் நம்பியிருக்கின்றன.

நான்காம் வகை வன்தட்டு. சுழலும் தட்டில் காந்தப் புள்ளிகளாகத் தகவல் பதியும். பெரிய கருவிகளில், குறிப்பாகச் சில ஆண்டுகளுக்கு முன் வந்தவற்றில், இதைக் காணலாம்.

அப்பா சொன்னது முதல் வகைக்கு மட்டுமே பொருந்தும். அந்தக் கருவியில் கோப்புகள் இருந்தது மூன்றாம் வகையில்.

அழித்தும் அழியாதது ஏன்?

சரி, அணைத்தால் போகாது. 'அழி' என்ற பொத்தானை அழுத்தினால் போய்விடுமா? அதுவும் இல்லை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். தோட்ட அலுவலகத்தில் கிராணியிடம் செக்ரோல் புத்தகம் இருக்கும். யார் எந்த லயத்து வீட்டில் இருக்கிறார் என்று எழுதிய பதிவேடும் இருக்கும். கிராணி ஒருவருடைய பெயரை அடித்துவிட்டால், அலுவலகக் கணக்குப்படி அந்த வீடு காலி. ஆனால் போய்ப் பார்த்தால் அவர் திண்ணையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். புதிதாக ஒரு குடும்பம் அந்த வீட்டிற்கு வரும் வரை அவர் அங்கேதான் இருப்பார்.

கருவியும் இதையே செய்கிறது. கோப்பை அழிக்கச் சொன்னால், கோப்பு இருக்கும் இடத்தைக் குறிக்கும் பதிவை மட்டும் நீக்கும். வேலை விரைவாக முடிய வேண்டும் என்பதே காரணம். உள்ளே இருக்கும் தகவல் அப்படியே கிடக்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மீட்பு மென்பொருளே அதைத் தேடி எடுத்துவிடும்.

அப்படியானால் பழையதன் மேல் புதியதை எழுதிவிட்டால்? வன்தட்டுக்கு இது பெரும்பாலும் சரி. 1996ஆம் ஆண்டில் பீட்டர் கட்மன் என்ற ஆய்வாளர் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, 35 முறை மேலெழுத வேண்டும் என்று பலர் நம்பினார்கள். அக்காலத்தில் புழங்கிய எல்லா வகை வன்தட்டுகளுக்கும் சேர்த்துச் சொன்ன எண்ணிக்கை அது. ஒரே தட்டுக்கு 35 முறையும் தேவையில்லை என்று அவரே பின்னர் விளக்கினார். இன்றைய வன்தட்டுக்கு ஒரு முறை முழுமையாக மேலெழுதினாலே பொதுவாகப் போதும்.

பிளாஷ் நினைவகத்தில்தான் சிக்கல். அதன் அறைகள் குறிப்பிட்ட முறைகள் மட்டுமே எழுதி அழிக்கத் தாங்கும். ஒரே அறை தேய்ந்துபோகாமல் இருக்க, உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் எழுதும். பழைய கோப்பின் மேல் எழுதுவதாக நாம் நினைப்போம். சில்லு புதியதை வேறோர் இடத்தில் எழுதிவிட்டு, பழையதை 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடும். 2011ஆம் ஆண்டில் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். வன்தட்டுக்கென உருவான முறைகளைக் கொண்டு பிளாஷ் தட்டில் ஒரு தனிக் கோப்பை அழிக்க முயன்றபோது, எந்த முறையும் முழுப் பயன் தரவில்லை. தயாரிப்பாளரே வைத்திருந்த முழு அழிப்புக் கட்டளைகூடச் சில தட்டுகளில் தவறாக அமைந்திருந்தது.

படிவத்தில் என் கையெழுத்து

அப்பாவின் கடையில் அந்தப் பட்டியலைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதற்குச் சில மாதங்களுக்கு முன், தொழிற்பயிற்சியின்போது, நானும் இதே தவற்றைச் செய்திருந்தேன்.

பயிற்சிக்குப் போன நிறுவனம் மூன்று அலைவுகாட்டிகளை வாடகைக்கு எடுத்திருந்தது. திருப்பி அனுப்பும் நாள் வந்தது. "உள்ளே உள்ளதைச் சுத்தம் செய்து, படிவத்தில் கையெழுத்துப் போட்டு வை," என்றார் மேற்பார்வையாளர். நான் ஒவ்வொன்றிலும் 'டிபால்ட் செட்டப்' பொத்தானை அழுத்தினேன். திரையில் கோடுகள் பழைய நிலைக்கு வந்தன. அளவுகோல் மாறியது. எல்லாம் புதியதுபோல் இருந்தது. 'தரவு அழிக்கப்பட்டது' என்ற கட்டத்தில் மூன்று முறை சரி போட்டு, கையெழுத்தும் போட்டேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

பெட்டியில் கட்டுவதற்கு முன் அவர் ஒன்றைத் திறந்து பார்த்தார். மீட்டெடுக்கும் பொத்தானை அழுத்தினார். ஒரு வாடிக்கையாளருக்காக நாங்கள் அளந்த அலைவடிவங்கள் வரிசையாக வந்து நின்றன. அந்த வாடிக்கையாளரோடு இரகசியக் காப்பு ஒப்பந்தம் இருந்தது.

அவர் திட்டவில்லை. படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். "இது வெளியே போயிருந்தால், இதில் இருப்பது உன் கையெழுத்து," என்று மட்டும் சொன்னார்.

நான் அழுத்திய பொத்தான், அளக்கும் அமைப்பை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. வீட்டில் நாற்காலிகளை ஒழுங்காக எடுத்து வைப்பது போன்றது. அலமாரியில் இருப்பதை அது தொடவே இல்லை. அன்று மாலை ஏழு மணி வரை உட்கார்ந்து, மூன்று கருவிகளின் கையேடுகளையும் படித்து, மறுபடி முறையாகச் செய்தேன்.

அப்பாவின் கைக்கு வந்த கருவியையும் என்னைப் போல் யாரோ ஒருவர் பத்து நிமிடத்தில் 'சுத்தம்' செய்து, சரி போட்டு அனுப்பியிருக்கலாம்.

உலகம் கற்ற பாடங்கள்

இது சிறு கடையோடும் பயிற்சி மாணவியோடும் நின்றுவிடும் குறை அல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த இரு மாணவ ஆய்வாளர்கள், 2000ஆம் ஆண்டிலிருந்து 2002ஆம் ஆண்டு வரை 158 பழைய வன்தட்டுகளை வாங்கி ஆராய்ந்தார்கள். அவற்றுள் 129 வேலை செய்தன. முறையாக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றில் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட கடன் அட்டை எண்கள் இருந்தன. இந்த ஆய்வு 2003ஆம் ஆண்டில் வெளிவந்தது.

கணினி என்று நாம் நினைக்காத கருவிகளே அதிக ஆபத்து. நியூயார்க்கில் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் வாடகைக்கு எடுத்த நகல் இயந்திரங்களைத் திருப்பிக் கொடுத்தது. நகல் இயந்திரத்திற்குள் வன்தட்டு இருக்கும் என்று யாரும் எண்ணவில்லை. 2010ஆம் ஆண்டில் ஒரு தொலைக்காட்சிச் செய்திக் குழு அவற்றுள் ஒன்றை வாங்கித் திறந்தபோது, நோயாளிகளின் விவரங்கள் வெளிவந்தன. 2013ஆம் ஆண்டில் அந்த நிறுவனம் 12 இலட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

2023ஆம் ஆண்டில் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 18 பழைய வலைப்பின்னல் ரௌட்டர்களை வாங்கிப் பார்த்தது. ஆராய முடிந்தவற்றுள் பாதிக்கும் மேலானவற்றில் முந்தைய உரிமையாளரின் வலை அமைப்பு விவரங்கள் அப்படியே இருந்தன. இவை எல்லாவற்றிலும் திருடன் யாரும் இல்லை. பூட்டை யாரும் உடைக்கவில்லை. உரியவர்களே தங்கள் கையால் கொடுத்து அனுப்பியவை.

முறைப்படி செய்வது எப்படி?

இதற்கென உலகம் பெரிதும் பின்பற்றும் வழிகாட்டி ஒன்று உண்டு. அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்பக் கழகம் வெளியிட்ட 800-88 என்ற ஆவணம். முதலில் 2006ஆம் ஆண்டில் வந்தது. 2014, 2025ஆம் ஆண்டுகளில் திருத்தப்பட்டது. அது மூன்று படிகளைச் சொல்கிறது. அவற்றுக்கு நான் தமிழில் இப்படிப் பெயர் வைத்துக்கொள்கிறேன்: துடைத்தல், களைதல், சிதைத்தல்.

துடைத்தல் என்பது சாதாரண மீட்பு மென்பொருளால் எடுக்க முடியாதபடி செய்வது. கருவி அதே நிறுவனத்தில் வேறு பிரிவுக்குப் போகிறது என்றால் இது போதும். களைதல் என்பது ஆய்வுக்கூட வசதி உள்ளவராலும் எடுக்க முடியாதபடி செய்வது. வெளியாருக்கு விற்கும்போது இது வேண்டும். சிதைத்தல் என்பது நினைவகத்தையே நொறுக்கியோ உருக்கியோ விடுவது. எந்தப் படி தேவை என்பதைக் கருவியின் விலை தீர்மானிக்காது. உள்ளே இருக்கும் தரவின் மதிப்பும், கருவி யார் கைக்குப் போகிறது என்பதுமே தீர்மானிக்கும்.

என் அனுபவத்தில் பின்வரும் வரிசை உதவுகிறது.

முதலாவது, கருவிக்குள் என்னென்ன நினைவகங்கள் இருக்கின்றன என்பதைக் கண்டறிய வேண்டும். ஊகிக்கத் தேவையில்லை. பெரிய தயாரிப்பாளர்கள் தங்கள் கருவிகளில் பலவற்றுக்கு இதற்கென்றே தனி ஆவணம் வெளியிடுகிறார்கள். எந்தச் சில்லு, எவ்வளவு கொள்ளளவு, அணைத்தால் மறக்குமா மறக்காதா, பயனர் தரவு அதில் இருக்குமா, எப்படி அழிப்பது என்று அட்டவணை போட்டிருப்பார்கள்.

இரண்டாவது, வேண்டியதைப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். அழித்த பிறகு அழுது பயனில்லை.

மூன்றாவது, கருவியிலேயே உள்ள பாதுகாப்பு அழிப்பைப் பயன்படுத்த வேண்டும். டெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பல அலைவுகாட்டிகளில் இதற்கு டெக்செக்யூர் என்று பெயர். சேமித்த அலைவடிவங்கள் இருந்த இடத்தில் வெற்று மதிப்புகளை எழுதி, சேமித்த அமைப்புகளை எல்லாம் தொடக்க அமைப்பாக மாற்றி, வேலை சரியாக முடிந்ததா என்பதையும் அதுவே சோதித்துச் சொல்லும். கீசைட் நிறுவனத்தின் பல அலைவுகாட்டிகளில், சேமிக்கும் பொத்தானுக்குக் கீழ் மூன்று தெரிவுகள் இருக்கும்: டிபால்ட் செட்டப், பேக்டரி டிபால்ட், செக்யூர் இரேஸ். மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. முதலிரண்டும் வேறு வேலைக்கு உரியவை. பொத்தானின் பெயரை வைத்து முடிவு செய்யாமல், அது எதைத் தொடும், எதைத் தொடாது என்று கையேட்டில் பார்த்துக்கொள்வது நல்லது.

நான்காவது, கழற்றக்கூடிய நினைவகம் இருந்தால் கழற்றிவிட வேண்டும். பின்பக்கம் செருகிய பென்டிரைவ், நினைவக அட்டை போன்றவை அடிக்கடி மறந்துபோகும். சில பெரிய பகுப்பாய்வுக் கருவிகளில் தட்டையே உருவி எடுத்து வைத்துக்கொள்ளும்படி அமைத்திருப்பார்கள். இரகசிய வேலை நடக்கும் இடங்களில், கருவி பழுதுபார்க்கப் போகும்போது தட்டு உள்ளேயே தங்கிவிடும்.

ஐந்தாவது, வலைப்பின்னல் அமைப்புகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். முகவரி, கருவியின் பெயர், கடவுச்சொல் ஆகியவை அலைவடிவத்தோடு சேர்ந்து அழியாமல் போகலாம்.

ஆறாவது, அணைத்து, மீண்டும் போட்டு, நாமே தேடிப் பார்க்க வேண்டும். நான் விட்டது இந்தப் படியைத்தான். மூன்று முறை சரி போடுவதற்குப் பதிலாக, மூன்று முறை மீட்டெடுக்கும் பொத்தானை அழுத்தியிருந்தால் என் தவறு அங்கேயே தெரிந்திருக்கும்.

கருவி ஓடவே இல்லை என்றால்? அழிக்கும் கட்டளையை அதனிடம் சொல்ல முடியாது. ஆனால் உள்ளிருக்கும் பிளாஷ் சில்லு உயிரோடுதான் இருக்கும். அப்போது சில்லையோ தட்டையோ எடுத்துச் சிதைப்பதே வழி. 'கெட்டுப்போனதுதானே' என்று பழைய இரும்பு வண்டியில் போடுவது சரியல்ல. நம் நாட்டில் மின்னணுக் கழிவு, 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அட்டவணைக் கழிவு, எஸ்.டபிள்யூ. 110 என்ற எண்ணில் வருகிறது. தொழிற்சாலைகள் உரிமம் பெற்றவரிடமே அதை ஒப்படைக்க வேண்டும்.

அழிக்கக்கூடாத ஒன்று

எல்லாவற்றையும் அழித்துவிடுவதே பாதுகாப்பு என்று நினைத்தால் வேறொரு பள்ளத்தில் விழுவோம். ஒவ்வொரு கருவியும் சரியாக அளப்பதற்கு, அதனுள் அளவுத்திருத்த எண்கள் பதிந்திருக்கும். கடைத் தராசுக்கு முத்திரை குத்துவது போன்றது இது. அந்த எண்கள் போய்விட்டால் கருவி ஓடும்; ஆனால் அது காட்டும் எதையும் நம்ப முடியாது.

1980களின் இறுதியில் எச்.பி. நிறுவனம் கொண்டுவந்த 3458ஏ என்ற மல்டிமீட்டர் இன்றும் அளவியல் ஆய்வுக்கூடங்களில் மதிக்கப்படும் கருவி. அதன் அளவுத்திருத்த எண்கள் நான் மேலே சொன்ன இரண்டாம் வகை நினைவகத்தில், மின்கலத்தின் துணையோடு இருந்தன. மின்கலம் தீர்ந்தால் எண்களும் போய்விடும். இதை அறியாத ஒருவர் 'தரவை அழிக்கிறேன்' என்று அத்தகைய கருவியைத் திறந்து, அந்தச் சில்லைக் கழற்றினால் என்ன ஆகும்? அழிக்கத் தேவையில்லாததை அழித்து, விலைமதிப்புள்ள கருவியை ஊமையாக்கிவிடுவார். நல்ல பாதுகாப்பு அழிப்பு, பயனரின் தரவை நீக்கி அளவுத்திருத்தத்தை விட்டுவைக்கும். கருவியைத் திறப்பதற்கு முன் கையேட்டைத் திறக்க வேண்டும் என்று என் மேற்பார்வையாளர் சொன்னதன் பொருள் இதுதான்.

நமக்கு என்ன தொடர்பு?

சோதனைக் கருவிகள் எங்கோ வெளிநாட்டில் உருவாகும் பொருள் என்று எண்ண வேண்டாம். எச்.பி. நிறுவனம் 1972ஆம் ஆண்டிலேயே பினாங்கு பாயான் லெப்பாசுக்கு வந்தது. அதன் அளவீட்டுப் பிரிவு 1999ஆம் ஆண்டில் அஜிலென்ட் என்றும், அதிலிருந்து மின்னணு அளவீட்டுப் பிரிவு 2014ஆம் ஆண்டில் கீசைட் என்றும் தனியாகப் பிரிந்தன. பினாங்கில் அந்தப் பணி தொடர்கிறது. இந்த இதழைப் படிக்கும் பொறியியல் மாணவர்களில் சிலர் நாளை அங்கே வேலைக்குப் போவீர்கள். முன்னாள் மாணவர்களில் சிலர் ஏற்கெனவே அங்கே இருக்கக்கூடும்.

சட்டமும் இதில் இருக்கிறது. 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 10ஆம் பிரிவு, தேவை முடிந்த பின் தனிநபர் தரவை வைத்திருக்கக்கூடாது, நிலையாக அழித்துவிட வேண்டும் என்கிறது. அலைவடிவத்தில் தனிநபர் தரவு இருப்பது அரிது. ஆனால் இதயத் துடிப்பைப் பதியும் கருவியும் ஒருவகையில் அலைவுகாட்டிதான். அதில் அலைவடிவத்தோடு நோயாளியின் பெயரும் வயதும் சேர்ந்தே இருக்கும். தனியார் மருந்தகங்கள் பழைய கருவியை விற்கும்போது இதை நினைக்க வேண்டும்.

மீண்டும் பாலோவில்

அப்பாவின் அலைவுகாட்டிக்கு வருகிறேன். முதல் கோப்புக்கு மேல் வேறெதையும் திறக்க அவர் விடவில்லை. "அடுத்தவங்க வீட்டுக் கடிதாசி நம்ம வீட்டுக்கு வந்துட்டா, பிரிச்சுப் படிக்கக் கூடாதும்மா" என்றார். எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத இந்த ஒரு வரி எனக்குப் போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலை கையேட்டை இணையத்திலிருந்து இறக்கி, கடை மேசையில் இருவரும் உட்கார்ந்தோம். நான் ஒவ்வொரு படியையும் தமிழில் சொல்லிப் பார்த்தேன். சொல் வராத இடத்தில் நிறுத்தினேன். அப்பா கேள்வி கேட்டார். செக்ரோல் உவமை அப்படித்தான் பிறந்தது, பாதி அவருடையது. பாதுகாப்பு அழிப்பை ஓட்டி, அணைத்து, மீண்டும் போட்டோம். மீட்டெடுக்கும் பட்டியல் காலி. பிறகு, கருவியின் முகப்பிலேயே இருக்கும் சோதனை முனையில் கம்பியை மாட்டினோம். திரையில் சதுர அலை நேராக வந்து நின்றது. நொடிக்கு ஆயிரம் சுற்று, இருக்க வேண்டிய அதே உயரம். முனையில் எழுதியிருந்ததும் திரை காட்டியதும் ஒத்திருந்தன.

அந்த நிறுவனத்திற்கு ஒரு மின்னஞ்சலும் அனுப்பினோம். உங்கள் தரவு எங்களிடம் வந்தது, அழித்துவிட்டோம், மற்ற கருவிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். இன்றுவரை பதில் இல்லை. பதில் வராவிட்டாலும் எழுதியது சரிதான் என்று அப்பா சொல்லிவிட்டார்.

இப்போது பழைய கைப்பேசியையோ கணினியையோ விற்க யாராவது கடைக்கு வந்தால், விலை பேசுவதற்கு முன் அப்பா ஒரு கேள்வி கேட்கிறாராம். அம்மா தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அணைச்சிட்டுக் கொண்டாந்தீங்களா, அழிச்சிட்டுக் கொண்டாந்தீங்களா?"